ஒரே நாளில் ஒரு மாதம்!

அலெக்ஸ் ட்ரெபெக் 2020 நவம்பர் 8 அன்று காலமானார். அவர் நடத்திய ‘ஜெப்பர்டி!’ வினாடி வினா நிகழ்ச்சியின் புத்தம்புதிய எபிசோடுகள் 2021 ஜனவரி 8 வரை அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் ஓடின. இறந்து இரண்டு மாதமான மனிதர் கோட் சூட்டில் வந்து நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். இதில் மாயம் எதுவும் இல்லை. ‘ஜெப்பர்டி!’ ஒரு நாளைக்கு ஐந்து எபிசோடு எடுக்கிற நிகழ்ச்சி. திங்கள் முதல் வெள்ளி வரை வீட்டில் பார்க்கிற ஒரு வாரம், ஸ்டூடியோவில் ஒரே நாள். ஜெயித்தவர் உள்ளே ஓடிப்போய் வேறு சட்டையை மாட்டிக்கொண்டு சற்று நேரத்தில் திரும்பி வருவார்; பார்ப்பவர்களுக்கு அது ‘மறுநாள்’. போட்டியாளர்களை மாற்று உடைகளோடு வரச் சொல்வது அதற்காகத்தான். கணையப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த ட்ரெபெக் கடைசியாகக் கேமரா முன் நின்றது அக்டோபர் 29 அன்று, இறப்பதற்குப் பத்து நாள் முன்பு.

பெரிய ஸ்டூடியோக்கள் காலங்காலமாகச் செய்துவரும் இந்த வேலையைத்தான், இன்று வீட்டுப் பின்னறையில் ஒரு செல்போனையும் ஒரு காலர் மைக்கையும் வைத்துக்கொண்டு தனியாளாகச் சேனல் நடத்துகிறவர்களும் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். ‘பல்க் ஷூட்’ என்கிறார்கள், ‘பேட்ச்’ என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் மாதத்துக்கான வீடியோ முடிந்துவிடும், அப்புறம் நேரம் குறித்துவைத்தால் அதுவே ஒவ்வொன்றாக வெளியாகும் என்று சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பாதி உண்மையும்கூட.

நம் ஊர்க்காரர்களுக்கு இது அந்நியமான யோசனை இல்லை. சினிமாவில் கதை வரிசைப்படி யாரும் ஷூட்டிங் வைப்பதில்லை. நாயகி வீட்டில் நடக்கிற காட்சி ஆரம்பத்தில் ஒன்று, இடைவேளைக்கு முன் ஒன்று, கிளைமாக்ஸில் ஒன்று என்றால் மூன்றையும் ஒரே மூச்சில் எடுத்துவிட்டுத்தான் செட்டைப் பிரிப்பார்கள். நடிகரின் கால்ஷீட், வாடகைக்கு எடுத்த பங்களா, கிரேன், ஜெனரேட்டர் எல்லாமே நாள் கணக்கில் காசு. மெகா சீரியல்காரர்கள் இன்னும் கறாரானவர்கள். எத்தனை எபிசோடு கையிருப்பில் இருக்கிறது என்பதுதான் அவர்களின் தினசரிக் கவலை. அந்தக் கையிருப்புக்கு ‘பேங்க்’ என்று பெயர். 2020 மார்ச்சில் படப்பிடிப்புகள் நின்றபோது அந்த பேங்க்தான் சில நாள் தாக்குப்பிடித்தது. அது காலியானதும் சேனல்கள் பழைய தொடர்களைத் தூசி தட்டி எடுத்தன. பத்திரிகைக்காரர்களும் இதே ஜாதிதான். தீபாவளி மலர் வேலை தீபாவளி நெருங்கும்போதா தொடங்குகிறது?

பேசுவது பத்து நிமிடம், மற்றதெல்லாம்?

பிளஸ் டூ இயற்பியல் நடத்துகிற ஓர் ஆசிரியர் வாரம் ஒரு பாடம் வீடியோவாகப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிட வீடியோ. அதற்கு அவர் என்னவெல்லாம் செய்ய வேண்டும்? அறையில் காயும் துணிகளை எடுக்க வேண்டும். டிரைபாடை விரிக்க வேண்டும். விளக்கை வைத்து, கண்ணாடியில் அது பிரதிபலித்தால் நகர்த்தி வைக்க வேண்டும். மைக்கின் பேட்டரியைப் பார்க்க வேண்டும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். ஃபிரிட்ஜின் உறுமல் கேட்டால் அதையும் நிறுத்த வேண்டும். (நிறுத்தினால் திரும்பப் போட மறந்துபோகும். வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவது ஒலிப்பதிவாளர்களின் பழைய தந்திரம். கிளம்பும்போது சாவியைத் தேடிப் போனால் சுவிட்ச் ஞாபகம் வந்துவிடும்.) பிள்ளைகளை மாடிக்கு அனுப்ப வேண்டும். தலை சீவ வேண்டும். இதற்கே ஒரு மணி நேரம். பேச அரை மணி, ஏனென்றால் பத்து நிமிடத்தை யாரும் பத்து நிமிடத்தில் பேசிவிட முடியாது. எல்லாவற்றையும் எடுத்துவைக்க இன்னோர் அரை மணி.

ஆக, ஒரு வீடியோவுக்கு இரண்டு மணி நேரம். நான்கு வாரத்துக்கு எட்டு. அதே நான்கையும் ஒரே நாளில் எடுத்தால் ஆயத்தம் ஒரு மணி, பேச்சு இரண்டு மணி, எடுத்துவைக்க அரை மணி. சட்டை மாற்றவும் தண்ணீர் குடிக்கவும் சேர்த்தாலும் நான்கு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். மிச்சமானது பேசும் நேரம் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதில் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. மிச்சமானதெல்லாம் ஆயத்தம்.

இந்தக் கணக்கை யூடியூபர்கள் கண்டுபிடிக்கவில்லை. ஃபோர்டு விட்மன் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1913இல் தொழிற்சாலை நிர்வாகம் பற்றிய ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார். ஒரே தடவையில் எத்தனை உருப்படி செய்வது என்பதுதான் அவர் எழுப்பிய கேள்வி. இயந்திரத்தைத் தயார்செய்கிற செலவு ஒரு பக்கம் இருக்கிறது. செய்த பொருளைக் கிடங்கில் வைத்துக் காப்பாற்றுகிற செலவு மறுபக்கம் இருக்கிறது. நிறையச் செய்தால் முதல் செலவு குறைந்து இரண்டாவது ஏறும். கொஞ்சமாகச் செய்தால் தலைகீழ். இரண்டும் சமன்படுகிற இடத்தில் நிற்க வேண்டும் என்று ஒரு வர்க்கமூலச் சூத்திரம் போட்டுக் கொடுத்தார். உலகம் முழுக்க நிர்வாகவியல் வகுப்புகளில் இன்றும் அதை நடத்துகிறார்கள். நம் வீடுகளில் இட்லி மாவு இந்தச் சூத்திரப்படிதான் ஆட்டப்படுகிறது. கிரைண்டரைக் கழுவுகிற பாடு இருப்பதால் தினமும் ஆட்டுவதில்லை. புளித்துப்போகும் என்பதால் ஒரு மாதத்துக்கும் சேர்த்து ஆட்டுவதில்லை.

‘ஒரே நாளில் முப்பது வீடியோ’ என்று மார்தட்டுகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இந்த இரண்டாவது பாதியைத்தான். எடுத்துவைத்த வீடியோவும் புளிக்கும். எவ்வளவு சீக்கிரம் என்பது விஷயத்தைப் பொறுத்தது. ஓம் விதிக்கு வயதாவதில்லை. வருமான வரி வீடியோ அடுத்த பட்ஜெட்டோடு காலி. புதுச் செல்போன் விமர்சனத்துக்கு இரண்டு வாரம் அதிகம். அரசியல் பேசுகிற சேனலுக்கு நேற்று எடுத்ததே பழசு.

அச்சு மாற்ற மூன்று நிமிடம்

ஹாரிஸின் சூத்திரத்துக்குள் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஆயத்தச் செலவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால், ஒரு தடவையில் செய்ய வேண்டிய அளவு பாதியாகிவிடும். இதைப் பிடித்துக்கொண்டு உயர்ந்தவர்கள் ஜப்பானின் டொயோட்டாக்காரர்கள். கார்க் கதவையும் கூரையையும் அழுத்தி எடுக்கும் பிரஸ் இயந்திரத்தில் அச்சு மாற்றுவது பெரும்பாடு என்பதால், மற்ற கம்பெனிகள் ஒரே பாகத்தை ஆயிரக்கணக்கில் அடித்துக் குவித்தன. 1969இல் டொயோட்டாவில் ஆயிரம் டன் பிரஸ் ஒன்றுக்கு அச்சு மாற்ற நான்கு மணி நேரம் ஆனது. ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் அதை முதலில் ஒன்றரை மணி நேரத்துக்கும், பிறகு மூன்று நிமிடத்துக்கும் கொண்டுவந்தார். இயந்திரத்தை நிறுத்திய பிறகுதான் செய்ய முடியும் என்று இருந்த வேலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே முடித்துவைத்தார். அதற்குப் பிறகு குவிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

வீடியோ உலகிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். சல்மான் கான், நடிகர் இல்லை, கான் அகாடமிக்காரர். உறவுக்காரப் பெண்ணுக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியவர், 2006இல் பாடங்களை யூடியூபில் ஏற்ற ஆரம்பித்தார். முகம் தெரியாது. கறுப்புத் திரையில் வண்ண எழுத்து, பின்னால் குரல், அவ்வளவுதான். விளக்கு, சட்டை, தலை சீவுவது எதுவும் வேண்டாம். வீட்டில் துணி அலமாரி அளவுக்கு இருந்த சின்ன அறைதான் ஸ்டூடியோ. உட்கார்ந்தால் பதிவு ஓடும். ஆயத்தம் ஏறக்குறைய பூஜ்யம் என்பதால், நினைத்தபோது ஒன்று என்று எடுத்தே ஆயிரக்கணக்கில் சேர்த்துவிட முடிந்தது. அதே காலத்தில் நம் ஐஐடிகளின் என்பிடெல் திட்டத்துக்காகப் பாடம் நடத்திய பேராசிரியர்கள் ஸ்டூடியோவுக்கு வந்து, கேமராமேனும் எடிட்டரும் காத்திருக்க, பாடங்களைத் தொடர்ச்சியாகப் பதிவுசெய்தார்கள். இரண்டுமே சரி. ஸ்டூடியோவும் ஆட்களும் இருக்கிற இடத்தில் மொத்தமாக எடுப்பதுதான் புத்திசாலித்தனம்; அலமாரிக்குள் அந்த அவசியமே இல்லை.

ஆகவே, பல்க் ஷூட்டுக்கு நாள் குறிக்கும் முன்பு அறையைப் பாருங்கள் என்பேன். டிரைபாடின் மூன்று கால்கள் நிற்கிற இடத்தில் தரையில் டேப் ஒட்டுங்கள். விளக்கின் உயரத்தைச் சுவரில் கோடு போட்டு வையுங்கள். கேமரா செட்டிங்கை ஓர் அட்டையில் எழுதி மாட்டுங்கள். ஒரு மூலையை நிரந்தரமாக ஒதுக்க முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை, நடுத்தர வர்க்கத்து வீட்டில் அது லேசான காரியம் இல்லை என்றாலும்.

ஷூட்டிங் நாள்

சரி, நாள் குறித்தாயிற்று. முந்தைய வாரமே எழுத்து வேலை முடிந்திருக்க வேண்டும். எழுதுவதையும் எடுப்பதையும் ஒரே நாளில் கலக்கிறவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள். ஒரு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவினால், கவனத்தில் ஒரு பங்கு முந்தைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று 2009இல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் பரிசோதனை செய்து காட்டினார். ஸ்கிரிப்டில் மூன்றாவது பத்தி சரியில்லை என்று மனத்தின் ஒரு மூலையில் உறுத்திக்கொண்டிருக்கையில், கேமராவைப் பார்த்துச் சிரித்தால் அந்தச் சிரிப்பில் அது தெரியும்.

முதலில் விளக்கு. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. சாதாரண டியூப்லைட்டும் மலிவு எல்இடியும் அதற்கேற்பக் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று பூட்டாவிட்டால் சுவரில் பட்டை பட்டையாக நிழல் ஓடும். செல்போனை அதன் இஷ்டத்துக்கு விட்டால் ஒரு வீடியோவில் முகம் மஞ்சளாகவும் அடுத்ததில் நீலமாகவும் இருக்கும். நிறம், ஒளி, ஃபோகஸ் மூன்றையும் பூட்டிவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும்.

அடுத்து கார்டு. 4கே வீடியோவை நொடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவுசெய்தால் மணிக்கு 45 ஜிபி கரையும். 128 ஜிபி கார்டு மூன்று மணி நேரம்கூட வராது. பழைய கேமராக்களில் இன்னொரு கண்ணி உண்டு. 29 நிமிடம் 59 நொடியானதும் தானாக நின்றுவிடும். கோளாறு இல்லை, அரை மணி நேரத்துக்கு மேல் படம் பிடிப்பதை வீடியோ கேமரா என்று கணக்கிட்டு ஐரோப்பாவில் கூடுதல் சுங்க வரி போட்டார்கள், அதைத் தவிர்க்கக் கம்பெனிகள் வைத்த பூட்டு அது. கேமராவை நிறுத்தாமல் அடுத்தடுத்துப் பேசிக்கொண்டே போகிறவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். ஒவ்வொரு வீடியோவுக்கும் தனியாகத் தொடங்கி, தலைப்பையும் டேக் எண்ணையும் வாயால் சொல்லி, ஒரு கைதட்டு தட்டிவிட்டால் பின்னால் எடிட் செய்கிறவர் உங்களை வாழ்த்துவார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். முதல் வீடியோ முடிந்ததும் அடுத்ததுக்குப் போகாதீர்கள். நிறுத்துங்கள். ஹெட்போனை மாட்டி, எடுத்ததை முழுக்கக் கேளுங்கள். காலர் மைக் சட்டையில் உரசியிருக்கலாம், மைக் இணைப்பு விட்டுப்போய்ப் போனின் மைக்கே பதிவுசெய்திருக்கலாம், ஃபோகஸ் பின்னால் இருக்கிற புத்தக அலமாரியில் உட்கார்ந்திருக்கலாம். தனித்தனியாக எடுத்தால் ஒரு வீடியோ போகும். தொகுப்பாக எடுத்தால் மாதமே போகும். மூட்டை மூட்டையாகச் செய்து குவித்தால் தப்பும் மூட்டை மூட்டையாகச் சேர்ந்துவிடும் என்பதும் டொயோட்டாக்காரர்கள் சிறு தொகுப்புக்குப் போனதற்கு ஒரு காரணம்.

கஷ்டமான விஷயத்தைக் காலையில் எடுங்கள். தருவித்தல், சூத்திரம், சட்டப் பிரிவு, பல எண்கள் வருகிறவையெல்லாம் முதலில். லேசான கதையும் ஷார்ட்ஸும் கடைசியில். தொண்டைக்குத்தான் முதலில் களைப்பு வரும், முகத்துக்கு அப்புறம். ஐந்தாவது வீடியோவில் வாக்கியத்தின் முடிவில் குரல் விழ ஆரம்பிக்கும். பேசுகிறவருக்கு அது தெரியாது, கேட்கிறவருக்கு முதல் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். மதியம் சாம்பார் சாதத்தை ஒரு பிடி பிடித்துவிட்டு ஷூட்டுக்கு உட்காருவதைப் போன்ற தற்கொலை முயற்சி வேறில்லை.

சத்தம் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ஆடி மாதம் அம்மன் கோயில் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருக்கிற தெருவில் ஷூட் வைக்காதீர்கள். முகூர்த்த நாளில், கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்து வீட்டில் இருந்தால் அதுவும் வேண்டாம். பஞ்சாங்கத்தை நல்ல நேரம் பார்க்க மட்டும்தான் வைத்திருக்கிறோமா என்ன?

மூட்டை கட்ட முடியாதவை

சமையல் சேனல்களின் கணக்கு வேறு. அங்கே பேச்சைவிடச் சமையலுக்கு நேரம் அதிகம், பாத்திரம் கழுவ அதைவிட அதிகம். ஒரு நாளில் மூன்று பதார்த்தம் தாண்டினால் ஜன்னல் வெளிச்சம் போய்விடும். செய்ததைத் தின்னவும் ஆள் வேண்டும். தீபாவளிப் பலகாரம் மட்டும் விதிவிலக்கு. புரட்டாசியிலேயே எண்ணெய்ச்சட்டியை ஏற்றி முறுக்கு, அதிரசம், மிக்சர் என்று ஒரே நாளில் முடித்துவிடலாம். செய்தது வீணாகவும் போகாது. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்திலிருந்து கிளம்பி 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ காரர்களை எடுத்துக்கொண்டால், திறந்தவெளி, விறகடுப்பு, பெரிய பாத்திரம், சமைத்ததை ஆதரவற்றவர்களுக்குப் பரிமாறுவது என்று ஒவ்வொரு வீடியோவும் ஒரு விருந்து. விருந்தை ஒரே நாளில் நான்கு தடவை வைக்க முடியாது. வைத்தால் பார்க்கவும் நன்றாக இருக்காது.

வாழ்க்கையையே வீடியோவாக்குகிற விலாகர்களுக்கும் இது சரிப்படாது. நியூயார்க்கின் கேசி நைஸ்டாட் 2015 மார்ச்சில் தினம் ஒரு விலாக் என்று ஆரம்பித்தார். அன்றைய நாளை எடுத்து, எடிட் செய்து, மறுநாள் காலைக்குள் போட்டுவிட வேண்டும். 2016 நவம்பரில் அந்த ஓட்டத்தை நிறுத்தினார். 2018இல் எல் மில்ஸ் என்ற கனடாப் பெண், பத்தொன்பது வயதிலேயே தான் தீய்ந்துபோனதை வீடியோவாகவே போட்டபோது, பெரிய பெரிய யூடியூபர்கள் பலரும் அதே கதையைச் சொன்னார்கள். பல்க் ஷூட்டின் மவுசு கூடியதற்குப் பின்னால் இந்தக் களைப்பும் இருக்கிறது. பேங்கில் நான்கு வீடியோ இருந்தால் காய்ச்சல் வந்த வாரம் படுத்திருக்கலாம், அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போனை அணைத்துவிட்டுப் போகலாம். எனக்குத் தெரிந்து இதன் மிகப் பெரிய லாபம் இதுதான். ஆனால் கையிருப்பைக் கண்டதும் ‘வாரம் ஒன்று’ என்பதை ‘வாரம் மூன்று’ ஆக்கிவிடுகிற சபலம் எல்லோருக்கும் வரும். ஆக்கிவிட்டால், பழைய களைப்பு திரும்ப வர மூன்று மாதம் போதும்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒன்று: உங்களுக்குப் பல்க் ஷூட் இப்போது வேண்டாம். யூடியூபில் நீள வீடியோக்களின் விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஒரு பார்வைக்குச் சராசரி நான்கு நிமிடம் என்று வைத்தால் 60,000 பார்வை. தூரம் அதிகம்தான், அதற்காக முதல் நாளே இருபது வீடியோ எடுத்துக் குவித்துவிட்டால், மூன்றாவது வீடியோவுக்கு வருகிற ‘சார், வேகமா பேசுறீங்க, போர்டு தெரியல’ என்ற கமென்ட் மீதிப் பதினேழுக்கும் பயன்படாது. முதல் பத்தை ஒவ்வொன்றாகவே எடுங்கள். ஒவ்வொன்றும் முந்தையதைத் திருத்தட்டும்.

நேரம் குறித்துப் பதிவேற்றிவிட்டு மறந்துவிடுவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. ஊரே துக்கத்தில் இருக்கிற நாளில் உங்கள் சேனலில் மட்டும் ‘ஹாய் மக்களே!’ என்று கும்மாளம் கிளம்பும். காலையில் செய்தியைப் பார்த்ததும் ஷெட்யூலையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

எடிட்டர் வீட்டு வாசலில்

பல்க் ஷூட் பற்றிப் பேசுகிறவர்கள் அநேகமாக ஷூட்டோடு கதையை முடித்துவிடுகிறார்கள். நான்கு வீடியோவை எடுத்து முடித்த அன்று மாலை நீங்கள் உருவாக்கியிருப்பது வீடியோக்கள் இல்லை, எடிட் செய்ய வேண்டிய மலை. பல சேனல்களின் ஹார்ட் டிஸ்கில், எடுத்தும் எடிட் ஆகாத கிளிப்புகள் வருடக்கணக்கில் தூங்குகின்றன. எடிட்டிலும் தொகுப்பு வேலைதான் கைகொடுக்கும். நான்குக்கும் முதலில் வெட்டு வேலை, பிறகு நான்குக்கும் சத்தம், பிறகு நான்குக்கும் எழுத்தும் இசையும் என்று அடுக்கடுக்காகப் போனால் கை பழகிவிடும். தம்ப்நெயில் படங்களை ஷூட்டிங் நாளிலேயே, அந்தந்தச் சட்டையோடு எடுத்துவிட வேண்டும். வீடியோவை நிறுத்தி நிறுத்தி அதிலிருந்து ஒரு முகத்தைத் தேடினால் கண் மூடியது, வாய் திறந்தது என்று அரை நாள் ஓடிவிடும். அன்று இரவே எல்லாவற்றுக்கும் இரண்டாவது பிரதி ஒன்று வேறொரு டிஸ்கில் இருக்க வேண்டும். கார்டை அழிப்பதெல்லாம் அதற்கப்புறம்.

எடிட்டருக்குக் கூலி கொடுத்து வேலை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே நாளில் நான்கையும் அவர் தலையில் கொட்டிவிட்டு, நான்கும் வெள்ளிக்கிழமை வேண்டும் என்றால், உங்கள் களைப்பு தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது. அவருக்கும் ஒரு கால்ஷீட் உண்டு.

ஒரு தடவையில் எத்தனை எடுப்பது என்று கேட்டால், வாரம் ஒரு வீடியோ போடுகிற, தனியாளாகப் பேசுகிற சேனலுக்கு நான்கு என்பேன். நான்கு வரை குரல் தாங்கும், நான்கு சட்டை எல்லோர் வீட்டிலும் இருக்கும், ஒரே கார்டில் அடங்கும், எடிட்டும் அடுத்த ஷூட்டுக்குள் முடியும். சில மாதங்களில் வருகிற ஐந்தாவது வாரத்துக்கு எதையும் எடுத்துவைக்க வேண்டாம். போன மாதக் கமென்ட்டுகளில் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட ஒரு சந்தேகம் இருக்கும்; அந்த வாரம் அதை மட்டும் எடுத்துப் போடலாம்.